லாரி எஞ்சினின் உலோகங்களும் ராணிப்பேட்டைக் குரோமியமும்

கனரக வாகனத்தின் டீசல் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் தேய்மானம் முதலில் தென்படும் இடம் சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, பிஸ்டனின் முதல் ரிங் மேலேறி நின்று திசை திரும்பும் வளையம். அங்கே ரிங் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. வேகம் இல்லாததால் எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிறது. எரிவாயுவின் அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருப்பதும் அதே கணத்தில்தான். காற்று வடிகட்டியைத் தாண்டி வந்த தூசியும், டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டான அமிலமும் அங்கேதான் சேர்கின்றன. எண்ணெய், நீர், காற்று ஆகியவற்றைக் கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றிவிடலாம். இந்த ஒரு விரல்கடை அகலத்தைக் காப்பாற்ற உலோகம்தான் வேண்டும். 1940களுக்குப் பிறகு உலகெங்கும் டீசல் எஞ்சின் செய்தவர்கள் பெருமளவில் வந்து சேர்ந்த விடை, வார்ப்பிரும்பு லைனரும் அதன்மேல் உரசும் குரோம் முலாமிட்ட ரிங்கும்.

அந்தக் குரோமியத்தைத் தமிழ்நாட்டில் வேறொரு தொழில் அதற்கு முன்பே அறிந்திருந்தது. பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியது. 2019இல் மாவட்டம் பிரிந்தபின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் பரவிக் கிடக்கிறது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இதன் கிழக்கு வாசலான வாலாஜா ரோடு. பிற்காலத்தில் லாரி எஞ்சின் தொழிலும் இந்த வட்டாரத்தின் இரு முனைகளில் அமைந்தது. அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை கிழக்கே, 1980இல் தொடங்கிய ஓசூர் ஆலை மேற்கே. நடுவிலுள்ள சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை தோல் ஊர்களின் வழியாகவே போகிறது. குரோமியம் தோலுக்குள் வந்ததையும் எஞ்சினுக்குள் வந்ததையும் தனித்தனியாக எழுதுவதே வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்த வட்டாரமே போதிய காரணம்.

தொடக்கம் ஒரே மனிதரிடம் இருக்கிறது. சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் மெட்ராஸ் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அது வியாபாரமாகத் தேறியபின் 1903இல் தனியார் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அடுத்து அவர் எடுத்துக்கொண்டது குரோம் தோல். அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் இரு குளியல் முறைக்கும், 1893இல் மார்ட்டின் டென்னிஸ் ஒரு குளியல் முறைக்கும் காப்புரிமை பெற்றிருந்தனர். சாட்டர்டன் அதைக் கலைப்பள்ளியில் சோதித்து, கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கும் செருப்புக்கும் குரோம் தோல் தயாரித்தார். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் நீரில் ஊறி விரைவில் கெட்டுவிடும். குரோம் தோல் அதைவிடத் தாங்கியது. அதே ஆண்டுகளில் அவர் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கிணறுகளில் பொருத்தும்படி விவசாயிகளிடையே பரப்பியும் வந்தார். கவலைக்கு நல்ல சால் செய்து கொடுத்தவரே கவலையை ஒழிக்கும் எஞ்சினையும் கொண்டுவந்தார் என்பது வரலாற்றின் குறும்பு. அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி அனுப்பிய ஆணை இத்தகைய முயற்சிகளுக்குத் தடை போட்டது. அலுமினியம், குரோமியம், எஞ்சின் ஆகிய மூன்றும் சென்னையில் மீண்டும் ஒரே கூரையின்கீழ் வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

தோலிலும் எஞ்சினிலும் குரோமியம் செய்யும் வேலை ஒன்றன்று. தாது இரண்டுக்கும் ஒன்றே: குரோமைட். இந்தியாவின் குரோமைட் இருப்பில் மிகப் பெரும் பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடக்கிறது. தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுத்து, நீரில் கரைத்து எடுத்து, அமிலம் சேர்த்தால் சோடியம் டைகுரோமேட் கிடைக்கிறது. அதை வெல்லப்பாகு போன்ற சர்க்கரைப் பொருளால் ஒடுக்கினால் தோல் பதனிடும் பச்சை நிறக் குரோம் உப்பு. கந்தக அமிலத்தால் மேலும் பிரித்தால் முலாம் தொட்டிக்கு வேண்டிய குரோமிக் அமிலம். தோலுக்குள் போகும் குரோமியம் மும்மதிப்பு வடிவத்தில் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பாக நிற்கிறது. பட்டைத் தோல் 75 டிகிரி வெப்பத்தை நெருங்கினாலே சுருங்கத் தொடங்கும். நன்கு பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். முலாம் தொட்டியில் இருப்பது ஆறுமதிப்புக் குரோமியம், கொடிய நஞ்சு. மின்சாரம் பாயும்போது அது இரும்பின்மேல் வெறும் உலோகமாகப் படிகிறது.

இந்த முலாமைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர்களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க் முதன்மையானவர். அது 1920களின் நடுப்பகுதி. முதலில் அது கார் பம்பர்களின் பளபளப்புக்கே பயன்பட்டது. அலங்கார முலாம் ஒரு மயிரிழையினும் மெல்லியது. எஞ்சினுக்கு வேண்டிய ‘கடின குரோம்’ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் தடிமன் கொண்டது. விக்கர்ஸ் அளவில் அதன் கடினம் 800 முதல் 1000 வரை. சாலைப் புழுதியிலுள்ள குவார்ட்ஸ் மணலின் கடினமும் ஏறத்தாழ அதே அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் உலோகத் தேர்வில் பாதி புழுதியோடு நடக்கும் போட்டிதான்.

சென்னை மாகாணத்தில் அந்தப் போட்டி மிகக் கடுமையாக நடந்தது இரண்டாம் உலகப் போரின்போது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்களின் பின்னால் கரி அடுப்புகள் பொருத்தப்பட்டன, டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து விற்றது. கரிவாயுவோடு சாம்பல் தூளும் தாரும் சிலிண்டருக்குள் போயின. வடிகட்டி சரியில்லாத வண்டியில் சிலிண்டர் சுவரும் ரிங்கும் வெகு சீக்கிரம் தேய்ந்தன. உதிரிபாகம் கப்பலில் வர வழியில்லாத காலம் அது. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவதும், உள்ளே புது இரும்புக் குழாய் இறக்குவதும் தமிழ்நாட்டு லேத் பட்டறைகளின் அன்றாட வேலையாக வேரூன்றியதில் இந்த ஆண்டுகளுக்குப் பங்கு உண்டு.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1950களின் தொடக்கத்தில் லேலண்டின் காமெட் லாரிகளுக்கு மாறி, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகப் பிறந்த சிம்சன் நிறுவனம் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. அதே குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் உருவானது. வால்வுக்கு ரானே குழுமம் 1959இலும், பேரிங்குக்கு பைமெட்டல் பேரிங்ஸ் 1961இலும் வந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு டீசல் எஞ்சினின் உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவற்றைச் சென்னையைச் சுற்றியே வாங்க முடிந்தது. வரைபடங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. உலோகம் இங்கே கிடைத்தாக வேண்டியிருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கிற்று.

எஞ்சின் பிளாக்கில் சிக்கல் குறைவு. கார்பன் 3 சதவீதத்துக்குச் சற்று மேலும், சிலிக்கான் 2 சதவீதமளவும் கொண்ட சாம்பல் வார்ப்பிரும்பே உலகெங்கும் பிளாக்கின் உலோகம். எஃகோடு ஒப்பிட்டால் அது இழுவைக்கு வலுவற்றது, அடித்தால் உடைவது. ஆனால் உள்ளே செதில் செதிலாகப் பரவியிருக்கும் கிராஃபைட் மூன்று காரியங்களைச் சும்மா செய்து கொடுக்கிறது: அதிர்வை விழுங்குகிறது, உரசும் இடத்தில் தானே மசகாகிறது, செதில் உதிர்ந்த குழியில் எண்ணெயைத் தேக்கி வைக்கிறது. சிக்கலான நீர்ப்பாதைகளை வார்க்கவும் எளிது, மலிவும்கூட. சிறிது குரோமியமும் செம்போ தகரமோ சேர்த்தால் இரும்பின் அடித்தளம் முழுக்கப் பியர்லைட் என்ற நுண்ணமைப்பாகிக் கடினம் கூடும். குரோமியம் அளவு மிஞ்சினால் மெல்லிய மூலைகளில் வெள்ளிரும்பு உறைந்து, கடைசல் உளியை முறித்துவிடும். 1948-49இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிப்பட்ட உருண்டைக் கிராஃபைட் இரும்பு இன்னொரு வழியைத் திறந்தது. வலுவில் எஃகை நெருங்கும் இந்த இரும்பு பிளாக்கைவிட பிரேக், அச்சு, தாங்கிப் பாகங்களில்தான் பெரிதும் இடம்பிடித்தது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா நடத்தும் வார்ப்படச் சாலை அந்த மரபைச் சேர்ந்தது.

பிளாக்குக்கு ஏற்ற இரும்பு சிலிண்டர் சுவருக்குப் போதாது. எனவே சுவரைத் தனி லைனராகச் செய்து உள்ளே செருகுவது லாரி எஞ்சின்களில் வழக்கமாயிற்று. சுழலும் அச்சில் வார்த்த, பாஸ்பரஸ் சற்றுக் கூடிய இரும்பு அதற்கு உகந்தது. பாஸ்பரஸ் உண்டாக்கும் கடினமான வலைப்பின்னல் சுமையைத் தாங்க, இடையிலுள்ள மென்மையான பகுதி எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது. குரோம் முலாமை ரிங்கில் போடுவதா லைனரில் போடுவதா என்பது அந்தக் காலத்தின் பெரிய விவாதம். டச்சுக்காரர் வான் டெர் ஹார்ஸ்ட் நுண்குழிகள் கொண்ட குரோம் முலாமை லைனரில் ஏற்றும் முறையை உருவாக்கினார். வழவழப்பான குரோமில் எண்ணெய் நிற்காது என்பதால் குழி வேண்டியிருந்தது. அது நன்றாக உழைத்தது, விலையும் அதிகம். லாரிக்கு வெற்றிபெற்றது மேல் ரிங்கில் மட்டும் குரோம் போடும் சிக்கனமான ஏற்பாடு. ரிங்கின் ஆயுள் சில மடங்கு கூடியதோடு லைனரின் தேய்வும் குறைந்தது. கடினமான பரப்பில் மணல்துகள் பதிந்து நிற்க முடியாது. மென்மையான ரிங்கில் அது பதிந்து லைனரை அறுக்கும் உளியாகிவிடுகிறது. குரோம் லைனருக்குக் குரோம் ரிங் போட்டாலோ இரண்டும் ஒன்றையொன்று பற்றிக் கீறிக்கொள்ளும். பட்டறைக்காரர் உதிரிபாகம் வாங்கும்போது இந்த ஜோடியைத் தவறாகச் சேர்த்துவிட்டால், விலையுயர்ந்த இரண்டு பாகங்கள் சேர்ந்து மலிவான எஞ்சினைவிடச் சீக்கிரம் கெடும். தனித்தனியே சிறந்த உலோகங்களைப் பொறுக்கிச் சேர்ப்பது உலோகத் தேர்வாகாது. எது எதனோடு உரசப்போகிறது என்று பார்த்துச் சேர்ப்பதே தேர்வு.

உலோகம் சரியாக இருந்தும் அமைப்பு தவறினால் என்னவாகும் என்பதற்குச் சென்னைக்கு அருகே ஆவடியிலேயே சான்று உண்டு. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1965 முதல் செய்த விஜயந்தா பீரங்கி வண்டியில் லேலண்ட் எல்60 எஞ்சின் இருந்தது. ஒரே சிலிண்டரில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடும் இரு வீச்சு வகை அது. அதே எஞ்சினைப் பயன்படுத்திய பிரிட்டனின் சீஃப்டன் பீரங்கியில் லைனரும் அதன் நீர்க்காப்பு வளையங்களும் தந்த தொல்லை பிரசித்தம்.

தோல் வட்டாரத்தின் சாலையில் ஓடும் எஞ்சினுக்கு இன்னும் இரண்டு பகைகள் இருந்தன. ஒன்று டீசல். 1990களின் தொடக்கம் வரை இந்திய டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. அது எரிந்து உண்டாகும் அமிலம், எஞ்சின் சூடேறுமுன் லைனர் சுவரில் பனித்து இரும்பை அரிக்கும். அடிக்கடி நின்று கிளம்பும் வண்டி தொலைதூர வண்டியைவிட விரைவில் தேய்வதற்கு இதுவும் காரணம். குரோம் முலாம் இந்த அமிலத்துக்கு எளிதில் மசியாது. மற்றொன்று தண்ணீர். தோல் கழிவின் உப்பு இறங்கிய பாலாற்று நிலத்தடி நீர் கடினமானது. அத்தகைய நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் லைனரின் வெளிப்புறத்தில் உப்புப் படலம் கட்டி வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். நீர் நேரடியாகத் தொடும் ஈர லைனரில் அதிர்வினால் குமிழிகள் தோன்றி வெடித்து, வெளியிலிருந்தே இரும்பைத் துளைக்கும் நோயும் உண்டு. இதற்கு உலோகத்தில் மருந்து குறைவு, ரேடியேட்டர் நீரில் சேர்க்கும் இரசாயனத்தில்தான் அதிகம்.

பிஸ்டன் அலுமினியத்துக்கு மாறியதற்குக் காரணம் எடை மட்டுமல்ல, வெப்பத்தைக் கடத்தும் வேகமும்தான். தனி அலுமினியம் சூட்டில் விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும். 1920ஐ ஒட்டி அலடார் பாட்ஸ் அலுமினியம்–சிலிக்கான் கலவையைச் சோடியத்தால் பதப்படுத்தும் வழியைக் கண்டபின், 12 சதவீதமளவு சிலிக்கான் சேர்த்த கலவை பிஸ்டனின் நிரந்தர உலோகமாயிற்று. விரிவு குறைந்தது, தேய்வும் குறைந்தது. டீசலின் குத்துகளால் முதல் ரிங்கின் பள்ளம் அகன்றுவிடும் என்பதால், நிக்கல் மிகுந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை அலுமினியத்துக்குள் பிணைத்து வார்க்கிறார்கள். சாதாரண வார்ப்பிரும்பைவிட அந்த இரும்பு அதிகம் விரியும், அலுமினியத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். வேறு இரும்பு போட்டால் பிணைப்பு விட்டுப்போகும். தமிழ்நாட்டு அலுமினியத்துக்கும் இதில் ஒரு காலம் இருந்தது: சேர்வராயன், கொல்லிமலை பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாத்திரத்துக்காகச் சாட்டர்டன் கொண்டுவந்த உலோகம் உள்ளூரிலேயே உருகத் தொடங்கியது அப்போதுதான்.

கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் இன்னொரு ஜோடி. இங்கே ஒன்று கடினமாகவும் மற்றது மென்மையாகவும் இருக்க வேண்டும். ஐசக் பாபிட் 1839இல் தந்த தகரம்–ஆண்டிமணி–செம்புக் கலவை, தூசியைத் தனக்குள் விழுங்கிக்கொள்ளும் அளவு மென்மையானது. டீசலின் குத்துகளை நெடுநாள் தாங்காது. அதனால் எஃகுத் தகட்டின்மேல் செம்பு–ஈயம், அதன்மேல் மெல்லிய ஈயப் பூச்சு என்று அடுக்கடுக்காகப் பேரிங் செய்யும் முறை வந்தது. பின்னர் 20 சதவீதத் தகரம் சேர்ந்த அலுமினியமும் வந்தது. பேரிங் கடினமாக ஆக, கிராங்க்கின் பரப்பும் கடினமாக வேண்டும். மின்தூண்டலில் சூடாக்கிக் குளிர்விக்கும் முறையில் கடினப் படலம் சில மில்லிமீட்டர் ஆழம் போகும். நைட்ரஜன் ஏற்றும் முறையில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆலைக்கு இரண்டும் சமமாகத் தோன்றலாம். ஒரு எஞ்சினை மூன்று நான்கு முறை பிரித்துப் பூட்டி ஓட்டும் நாட்டில் அப்படியல்ல. முதல் வகையை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பத்துப் பங்காகப் பலமுறை கடைந்து அதற்கேற்ற பேரிங் போடலாம். இரண்டாம் வகையைக் கடைந்தால் கடினத் தோலே போய்விடும். மீண்டும் நைட்ரஜன் ஏற்ற வேண்டும். நீடித்த உழைப்பு என்பதன் பொருள் எந்த நாட்டுச் சாலை, எந்த நாட்டுப் பட்டறை என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எஞ்சினில் இல்லை.

வெளியேற்று வால்வின் தலை டீசலில் 600–700 டிகிரி சூட்டில் வேலை செய்கிறது. குரோமியம் 21, மாங்கனீஸ் 9, நிக்கல் 4 சதவீதமும் சிறிது நைட்ரஜனும் கொண்ட எஃகு அதற்கென்றே உருவானது. இந்த எஃகைக் காய்ச்சிக் கடினப்படுத்த முடியாது என்பதால், தண்டுக்குச் சிலிக்கான்–குரோமிய எஃகை உராய்வுப் பற்றவைப்பில் இணைத்து, தண்டின்மேல் குரோம் முலாமும், இருக்கையில் படியும் விளிம்பில் கோபால்ட்–குரோமியக் கலவையும் ஏற்றுகிறார்கள். ஒரே வால்வில் குரோமியம் நான்கு வேடம் போடுகிறது.

இந்தத் தேர்வுகளின் பின்னால் அந்நியச் செலாவணி நின்றது. 1957இன் நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி உரிமம் இல்லாமல் உலோகம் வராது. நிக்கல் முழுவதும் இறக்குமதி, செம்பும் தகரமும் பெரும்பாலும் இறக்குமதி. பிரிட்டிஷ் வரைபடங்களோ நிக்கல்–குரோமிய எஃகுகளைத் தாராளமாகக் கேட்டன. மாங்கனீஸும் குரோமியமும் நாட்டிலேயே கிடைத்ததால், பல்சக்கரத்துக்கும் அச்சுக்கும் ஜெர்மானிய மரபின் மாங்கனீஸ்–குரோமிய எஃகுகள் இந்தியாவில் வேகமாகப் பரவின. பத்ராவதி எஃகு ஆலையும், 1965இல் தொடங்கிய துர்காபூர் உலோகக்கலவை எஃகு ஆலையும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தவை. பற்றாக்குறை தந்த இந்தப் பாதை பின்னர் உலகம் முழுதும் மலிவு கருதி எடுத்த பாதையோடு சேர்ந்துகொண்டது.

தோலும் எஞ்சினுக்குள் ஒரு காலம் இருந்தது. செயற்கை ரப்பர் வருமுன் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல்கள் தோலால் ஆனவை. பட்டறைகளில் லேத்தைச் சுழற்றிய பெல்ட்டும் தோலே. 1948இல் அடையாறில் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய தொழில்துறைத் தோல்களையும் ஆராய்ந்தது. வெப்பமும் வேகமும் கூடியபோது அந்த இடத்தை நைட்ரைல் ரப்பர் எடுத்துக்கொண்டது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகள் நெடுங்காலம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, பாதி முடிந்த தோலைச் சென்னைப் பெரியமேடு வழியாகக் கப்பலேற்றின. 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாக முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் மாற வேண்டிய கட்டாயம் வந்தது. அந்த மாற்றம் குரோமை வட்டாரத்தின் பொதுவழக்கமாக்கியது. 1970களின் நடுவில் ராணிப்பேட்டையில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை சோடியம் டைகுரோமேட்டும் குரோம் உப்பும் செய்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டபோது, வறுத்த தாதுவின் எச்சம் 2 லட்சம் டன்னுக்கும் மேல் அங்கேயே குவிந்து கிடந்தது. அதில் எஞ்சிய ஆறுமதிப்புக் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றிருந்தது. அந்த வழக்கு தோல் கழிவைப் பற்றியது. ஆனால் தோலின் பச்சை உப்பும் ரிங்கின் வெள்ளி முலாமும் ஒரே வகைச் சூளையிலிருந்து வருபவை. குரோமிய எஞ்சினின் விலைப்பட்டியலில் சேராத செலவு எத்தகையது என்பதை அளக்க ராணிப்பேட்டை ஒரு அளவுகோல்.

எஞ்சின் தொழிலும் முலாம் தொட்டியிலிருந்து மெல்ல விலகி வருகிறது. மேல் ரிங்கில் முதலில் மாலிப்டினம் தெளிப்பும், பின்னர் நைட்ரஜன் ஏற்றிய எஃகும், வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் குரோமியம் நைட்ரைடும் வந்தன. கடைசி முறையிலும் குரோமியம் இருக்கிறது. ஆறுமதிப்பு அமிலத் தொட்டி இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலின் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. அமில அரிப்பு பெரும்பாலும் ஒதுங்கியது. பதிலுக்கு எரிவறை அழுத்தம் ஏறியது. உலகின் பெரிய லாரி எஞ்சின்களில் சில அதற்காகப் பிளாக்கைப் புழு வடிவக் கிராஃபைட் இரும்புக்கும், பிஸ்டனை அலுமினியத்திலிருந்து எஃகுக்கும் மாற்றிக்கொண்டன. எஃகு பிஸ்டன் லைனரின் இரும்போடு ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால், இரண்டுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி குறைந்தது.